குதிகால் ரத்தப் பரிசோதனை: கன்ட்ரோல் பிரிவுக்கு வெறும் தண்ணீர் கொடுக்கலாமா?

நியோ_பிஜி
பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது வலியைக் குறைப்பது பற்றித் தீசிஸ். ஒரு பிரிவுக்கு 24% சுக்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்), இன்னொன்றுக்கு ஸ்டெரைல் வாட்டர் என்று எழுதினேன். எதிக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. தண்ணீருக்குப் பதில் தாய்ப்பால் ஊட்டுவதை வைக்கலாமா? ஸ்கோர் பிஐபிபி-ஆர் (முகக்குறிகள், இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு முதலியவற்றை வைத்துக் குழந்தையின் வலியைக் கணிக்கும் முறை). பிரிவுக்கு எத்தனை குழந்தைகள் வேண்டும்?

மெதடாலஜி
கமிட்டி செய்தது சரி. சுக்ரோஸ் ஸ்கோரைக் குறைக்கும் என்று பல டிரையல்கள் காட்டியாகிவிட்டது. இனி ஒரு குழந்தையைத் தண்ணீரோடு குத்த நியாயமில்லை. ஆனால் தாய்ப்பாலில் வேறு சிக்கல். மார்பில் வாய் வைத்திருக்கும்போது மூக்கோர மடிப்பு கேமராவில் விழாது. மூன்று முகக்குறிகளில் ஒன்று போய்விடும்.

சுக்ரோஸை இரண்டு பிரிவுக்கும் கொடுங்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் 15 நிமிடம் முன்பே கங்காரு முறையில் தாயின் மார்போடு அணைப்பு. முகத்தை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து, பின்னணியில் ஒரே நிறத் துணி போட்டால், ஸ்கோர் போடுகிறவருக்குப் பிரிவு தெரிவது குறையும்.

திட்ட விலக்கம் (ஸ்கோரின் சிதறல்) 3.5, எதிர்பார்க்கும் வித்தியாசம் 2 புள்ளி, பவர் (அந்த வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80% என்றால் பிரிவுக்கு 49. வீடியோ கெடுவதையும் சேர்த்து 55 வைத்துக்கொள்ளுங்கள். 3.5 என்பது உதாரணம்தான். உங்கள் வார்டில் சிறு பைலட் செய்து எடுங்கள். முதல் குழந்தையைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ (இந்திய டிரையல் பதிவேடு) பதிவு முடிந்திருக்க வேண்டும்.

என்ஐசியு_சிஸ்டர்
சுக்ரோஸ் அளவு 0.1 மி.லி. போதும். 2018இல் வந்த கனடா டிரையலில் 0.1, 0.5, 1 மி.லி. மூன்றுக்கும் ஸ்கோரில் வித்தியாசம் இல்லை. நாக்கின் முன்பகுதியில் விட்டு, 2 நிமிடம் கழித்துக் குத்துங்கள்.

டேட்டா கெடுவது சின்ன விஷயங்களில்தான். ஆக்சிஜன் புரோபை வலது கையில் கட்டுங்கள். பிழியும் காலில் இருந்தால் அலை குலைந்து, அளவு பொய்யாக இறங்கும். போட்டோதெரபி கண்கட்டை ரெக்கார்டிங்குக்கு முன்பே எடுங்கள், இல்லாவிட்டால் புருவமும் கண்ணும் தெரியாது. குத்துவதைவிடப் பிழிவதுதான் குழந்தையை அதிகம் அழவைக்கும். குதிகாலை முதலிலேயே சூடுபடுத்தி, ஆட்டோமேட்டிக் லான்செட் (குத்தும் கருவி) வையுங்கள். ஸ்கோருக்கான 30 விநாடி குத்திய நொடியிலிருந்தா, பிழியத் தொடங்கியதிலிருந்தா? அதை புரோட்டோகாலில் எழுதாவிட்டால் ஆளுக்கொரு கணக்காகிவிடும்.

நியோ_பிஜி
நன்றி சிஸ்டர். எம்லா கிரீமை (தோலை மரத்துப்போக வைக்கும் கிரீம்) மூன்றாவது பிரிவாக வைக்கலாமா?

மெதடாலஜி
வேண்டாம். குதிகால் குத்தலுக்கு எம்லா பலன் தருவதில்லை என்று ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ரத்தக் குழாயில் ஊசி குத்துவதற்குத்தான் அது.

வலி_ஆய்வு
ஒரு எச்சரிக்கை. 2010இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், சுக்ரோஸ் கொடுத்த குழந்தைகளின் முக ஸ்கோர் குறைந்தது. மூளை அலைகளில் வலிக்கான பதில் குறையவில்லை. அதனால் முடிவுரையில் ‘வலி நீங்கியது’ என்று எழுதாதீர்கள், ‘ஸ்கோர் குறைந்தது’ என்றே எழுதுங்கள். வலுவான மருந்துக்குத் தாவவும் வேண்டாம். வாய்வழி மார்ஃபின் ஒரு கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு டிரையலை, குறைமாதக் குழந்தைகளின் மூச்சு தடைபட்டதால் 31 பேரோடு நிறுத்தினார்கள். கங்காரு பிரிவிலும் மூச்சுத் தடையையும் இதயத் துடிப்பு இறங்குவதையும் பாதகப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கமிட்டி அடுத்து கேட்கப்போவது அதைத்தான்.