மேலத்தெரு குடும்பம், 12.1.2022

பெரியம்மா: பாப்பாவின் வளைகாப்பு 20ஆம் தேதி, வியாழன். ஞாயிறு முழு ஊரடங்கு, அதனால்தான் வார நாள். யார் யார் வருகிறீர்கள்? வளையல் வாங்க வேண்டும்

கோவை அண்ணன்: நாங்கள் நாலு பேர்

மதுரை அத்தை: வருவேன். தொண்டை மட்டும் கொஞ்சம் கரகரப்பு

பாப்பா: கொரோனா டெஸ்ட் எடுத்தீர்களா அத்தை?

மதுரை அத்தை: எனக்குத்தான் போன மே மாதமே வந்து போயிற்றே. அம்மை மாதிரி, ஒரு தடவைதான்

குட்டிச் சித்தப்பா: வேப்பிலை கட்டினாயா அக்கா

வாத்தியார் சித்தப்பா: அப்படி இல்லை அக்கா. 2020 ஆகஸ்டிலேயே ஹாங்காங்கில் ஒருவருக்கு 142 நாள் கழித்து மறுபடி வந்ததை, கிருமியின் மரபணுவைப் பார்த்தே உறுதி செய்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கில் இரண்டு பாசிட்டிவுக்கு நடுவே 102 நாளாவது இருந்து, இடையில் ஒரு நெகட்டிவும் வந்திருந்தால் அது மறுதொற்று. உனக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. ஓமிக்ரான் என்ற புது வகை வேறு பரவுகிறது. ஆகவே

குட்டிச் சித்தப்பா: பெல் அடித்தாயிற்று சார்

வாத்தியார் சித்தப்பா: இரு. வீட்டிலேயே பார்க்கும் டெஸ்ட் கிட்டில் நெகட்டிவ் வந்தாலும் நம்பாதே அக்கா. தொண்டையில் தொந்தரவு இருக்கிறது, லேபில் பார்க்கும் ஆர்டிபிசிஆர் டெஸ்ட் எடு. பாசிட்டிவ் என்றால் 7 நாள் தனிமை, கடைசி 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது

கோவை அண்ணன்: எனக்கு டிசம்பர் 20 பாசிட்டிவ். இப்போது ஒன்றுமில்லை. நெகட்டிவ் ரிப்போர்ட் வேண்டுமா?

வாத்தியார் சித்தப்பா: வேண்டாம். செத்த கிருமியின் துணுக்கையும் ஆர்டிபிசிஆர் பிடித்துவிடும். மூன்று மாதம் வரைகூட பாசிட்டிவ் காட்டலாம்

மதுரை அத்தை: அவனுக்கு வேண்டாம், எனக்கு மட்டும் வேண்டுமோ? கல்யாணத்திலும் என்னைத்தான் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தீர்கள்

பெரியம்மா: இன்னுமா அது

குட்டிச் சித்தப்பா: அண்ணி, ரேஷன் பொங்கல் பை வாங்கியாயிற்றா? 21 பொருளும் இருந்ததா?

பெரியம்மா: கரும்பு மட்டும் பாதி. மதுரை அண்ணி, பாப்பாவுக்கு ஏழாம் மாதம். அதற்காகத்தான் சொல்கிறோம்

மதுரை அத்தை: நாளைக்குப் போகி. பொங்கல் கழியட்டும், பார்க்கலாம்

பாப்பா: இன்றே எடுத்தால் 19க்குள் ஏழு நாள் முடிந்துவிடும் அத்தை. உங்கள் கையால் வளையல் போட வேண்டும்

மதுரை அத்தை: வீட்டுக்கே வந்து எடுப்பார்களா?

வாத்தியார் சித்தப்பா: (குரல் பதிவு, 4 நிமிடம்)

பெரியம்மா: அப்போது எத்தனை டஜன் வாங்க?

குட்டிச் சித்தப்பா: புளிச்சாதம் உண்டா அண்ணி