ஏ டீம், பி டீம் பிரிப்பது: சின்னப் பிள்ளைகள் ஃபுட்பாலில் உங்கள் அனுபவம் என்ன?

கும்பகோணத்து அப்பா:

போன கோடை முகாமில் நடந்தது, இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. 9, 10 வயதுப் பிள்ளைகள். வழக்கம்போல முதல் ரெண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு நன்றாக ஆடுகிறவர்களை எல்லாம் ஏ டீமில் போட்டார்கள், மிச்சம் பி டீம். சரி, பயிற்சிக்குத்தானே என்று பெற்றோர் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்று வந்தால் அந்த ஏ-யும் பி-யும்தான் மோதியாகணும், வேறு டீமுக்கு எங்கே போவது?

இடைவேளைக்குள் 9-0. பி டீமுக்கு கோல் கீப்பர் எங்கள் பக்கத்துத் தெருப் பையன். பெரியவர்கள் ஆடுகிற அதே போஸ்ட், 24 அடி அகலம், 8 அடி உயரம், அவன் எகிறிக் குதித்தாலும் மேல் கம்பி எட்டாது. பத்தாவது கோலும் விழுந்ததும் பந்தை எடுக்கப் போகவில்லை. க்ளவுஸ் ரெண்டையும் கழற்றி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நேரே நடந்துபோய் ரெஃப்ரி கையில் கொடுத்து "நீங்க நில்லுங்க சார்" என்றான். அழவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அவர் விசிலை வாயில் வைத்தபடியே வாங்கிக்கொண்டார். சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மறுநாள் அவன் வரவில்லை. ஜெயித்தவர்களுக்கும் அன்றைக்கு ஒன்றும் கிடைத்துவிடவில்லை, அஞ்சாவது கோலுக்கு அப்புறம் அவரவர் தன் பெயரில் ஒரு கோல் போடத்தான் பார்த்தார்கள். உங்கள் ஊரில் எப்படிப் பிரிக்கிறீர்கள், எழுதுங்கள்.

திருவாரூர் பக்கத்து பி.டி.:

அரசுப் பள்ளி. நான் இன்றைக்கும் உத்தி பிரித்துத்தான் ஆடவிடுகிறேன். சடுகுடுவுக்குப் பிரிப்போமே, அதேதான். ரெண்டு கேப்டனை மட்டும் நான் சொல்வேன். மற்றவர்கள் அவரவருக்குச் சமமான ஆளைத் தேடி ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு புங்கமரத்துக்கு அந்தப் பக்கம் போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "காவிரி வேணுமா, கொள்ளிடம் வேணுமா?" கேப்டன் ஒன்றைக் கேட்பான், அந்தப் பெயர்க்காரர் அவன் பக்கம், ஜோடி எதிர்ப் பக்கம், அவ்வளவுதான். யாருக்கு யார் சமம் என்று நம்மைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

மறக்க முடியாதது ஏழாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு பெண். யாரும் ஜோடி சேரவில்லை, ஒப்புக்குச் சப்பாணியாகக் கோட்டுப் பக்கம் நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் பள்ளியிலேயே நல்ல ஸ்ட்ரைக்கர் என்று பெயர் எடுத்த பையன் முன்னால் போய் நின்று "நான்தான் உன் உத்தி" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. போய்ப் பெயர் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆட்டம் முழுக்க அவனைவிட்டு அவள் நகரவே இல்லை. பந்தைப் பறிக்க முடியவில்லைதான், ஆனால் அவனை வலது பக்கம் திரும்பவே விடவில்லை. வலது காலில் மட்டும்தான் அவன் அடிப்பான் என்பதை வெளியே நின்றே பார்த்து வைத்திருக்கிறாள்! இப்போது பள்ளி டீமுக்கு அவள்தான் ஸ்டாப்பர், பின்னால் நடுவில் நின்று தடுக்கிற ஆள்.

திருச்சி 12:

ஏ டீம் பையனின் அப்பனாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கும்பகோணத்து அண்ணன் எழுதியதைப் படித்து எனக்கும் வருத்தம்தான். ஆனால் எல்லாரும் பி டீம் பிள்ளைக்காகவே அழுதால் எப்படி? என் மகனுக்கு 12 வயது. இங்கே வாராவாரம் நடக்கிற ஆட்டத்தில் எல்லா டீமும் சமமாக இருக்கணும் என்று நல்லவர்களை ஆளுக்கு ஒருவராகப் பிரித்துப் போட்டார்கள். இவன் பாஸ் கொடுப்பான், அது திரும்பி வராது. ஓடி வந்து காலி இடத்தில் நிற்பான், பார்க்க ஆள் இருக்காது. ஒரு ஆட்டத்தில் பந்தை வைத்துக்கொண்டே நாலு பேரைத் தாண்டிப் போனான், கோச் வெளியிலிருந்து "பாஸ் குடுடா, பாஸ் குடு" என்று கத்த, அப்படியே நின்று திரும்பி "யாருக்கு சார்?" என்றான். திமிர் இல்லை சார் அது, நிஜமாகவே கேட்டான்.

அன்றைக்கு வண்டியில் வரும்போது "என்னை மடக்குற மாதிரி ஒருத்தன் வேணும்பா" என்கிறான். இதற்கு உத்தியில் வழி உண்டா? ஜாலியாக ஆட உத்தி சரி. பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பைக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் டீம் எடுக்கும்போது சமம் பார்த்து எடுக்க முடியுமா? அதுவும் போக, உத்தியில் கேப்டனும் ஜோடியும் முன்னாலேயே பெயரைப் பேசி வைத்துக்கொள்வது எந்த ஊரில் நடக்காதது?

மாயவரம் கோச்:

ரெண்டு பேர் சொல்வதும் நியாயம். பயிற்சியையும் ஆட்டத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற சண்டை இது.

என் அனுபவம் சின்னது. டிசம்பர் கடைசியில் பிறந்த ஒரு பையன், அவன் வயதுப் பிரிவிலேயே பொடியன், ஓடினால் எல்லாருக்கும் கடைசி. செலக்‌ஷனில் வரிசையாக நிற்கவைத்தபோது உயரமாகத் தெரியட்டும் என்று குதிகாலைத் தூக்கிக்கொண்டே நின்றான், ஷூவின் பின்பக்கம் தரையில் படவே இல்லை. அவனைத்தான் முதலில் கழித்தார்கள்.

நம் அகில இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனின் வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்து. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, நடுவே கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்த்தி. 10 வயதில் ஒரு வருஷம் என்பது உயரத்தில் நன்றாகவே வித்தியாசம் காட்டும். ஐரோப்பாவில் இளையோர் டீம்களை எடுத்துப் பார்த்தாலே வருஷத்தின் முதல் மூணு மாசத்தில் பிறந்தவர்கள்தான் அதிகம் தேறுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாம் திறமை என்று நினைத்துப் பொறுக்குவதில் பாதி பிறந்த மாசம். ஏ டீமில் இருப்பவர்களின் பிறந்த தேதியை ஒருதரம் எழுதிப் பாருங்கள். நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு தேதியைச் சொல்லிவைக்கிற பழக்கம் வேறு இருந்தது, அதனால் அம்மாவிடம் கேட்டே எழுதுங்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வாரத்தில் ஒருநாள் தேர்ந்தவர்களைத் தனியாகச் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள், திருச்சிக்காரர் மகனுக்கு அது கட்டாயம் வேணும். தேவைப்பட்டால் மேல் பிரிவோடு ஆடவிடுங்கள், அங்கே அவனை மடக்க ஆள் இருக்கும். ஆனால் ஆட்டம் என்று வந்தால் கலந்துதான் பிரிக்கணும், நாலு வாரத்துக்கு ஒருதரம் கலைத்துப் போடணும். அமெரிக்காவில் ஏ.ஒய்.எஸ்.ஓ. என்று ஓர் அமைப்பு, 1964-இல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது, எல்லாப் பிள்ளையும் பாதி ஆட்டமாவது ஆடணும், டீம்கள் சமமாக இருக்கணும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். இங்கே 2018-இல் கோல்டன் பேபி லீக் தொடங்கியதும் சின்னப் பிள்ளைகள் ஆடிப் பழகட்டும் என்றுதான், கோப்பைக்காக இல்லை. 9 வயதுக்கு 11 பேர் ஆட்டம் வேண்டவே வேண்டாம். அஞ்சுக்கு அஞ்சு, இல்லை ஏழுக்கு ஏழு, சின்ன போஸ்ட், 4-ஆம் நம்பர் பந்து. ஆள் குறைந்தால் ஒளிய இடமில்லை, எல்லார் காலுக்கும் பந்து வரும். கோலில் ஒரே பையனை நிறுத்தாதீர்கள், பத்து நிமிஷத்துக்கு ஒருவர்.

பட்டுக்கோட்டை லெஃப்ட் பேக்:

கோச் அண்ணே, நீங்கள் பொடியனைச் சொன்னீர்கள். நான் பெரியவனைச் சொல்கிறேன், அவனுக்கும் அநியாயம்தான் நடந்தது.

எங்கள் செட்டில் ஒருத்தன், எட்டாவதிலேயே மீசை, எங்களைவிட ஒரு தலை உயரம். ஜோனல் மேட்ச் முழுக்க எங்களுக்கு ஒரே பிளான்தான், எங்கே பந்து கிடைத்தாலும் தூக்கி அவன் தலைக்கு அடி, மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். ரெண்டு வருஷம் கோப்பை எங்கள் பள்ளிக்குத்தான், ஊரே கொண்டாடியது. நான் லெஃப்ட் பேக், நீளமாக அடிப்பதைத் தவிர எனக்கும் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

17 வயதுப் பிரிவு வரும்போது எல்லாரும் அவன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். திருச்சியில் ஒரு செலக்‌ஷன். அங்கே ஒருவர் தரையோடு உருட்டிவிட்டு "இடது காலில் நிறுத்தித் திரும்பு" என்றார். நிறுத்தினான், பந்து மூணு அடி தள்ளிப் போய் விழுந்தது. மறுபடி. மறுபடியும் அதேதான். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளுக்கு உருட்டினார். இவன் நகராமல் தன் இடது காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்தவன்! அத்தனை வருஷத்தில் ஒருத்தராவது அவன் இடது காலைப் பார்த்திருக்க வேண்டாமா? இப்போது அரிசி மில்லில் இருக்கிறான். பந்து பக்கமே வருவதில்லை.

திருச்சி 12:

இது உறைக்கிறது. என் மகனும் உயரம்தான், பிறந்தது பிப்ரவரி. ஆனாலும் பி.டி. சார் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே, பெயரைப் பேசி வைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள்?

திருவாரூர் பக்கத்து பி.டி.:

வருவார்கள். மூணு கோல் வித்தியாசம் ஆனதும் விசிலடித்து நிறுத்தி ஒரு ஜோடியை அப்படியே இடம் மாற்றிவிடுவேன். எந்த ஜோடி என்று தோற்கிற பக்கத்துக் கேப்டன் சொல்லணும். இது தெரிந்த அப்புறம் யாரும் பேசி வைப்பதில்லை, வைத்தும் பிரயோஜனமில்லை.

உங்கள் மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். மடக்க ஆள் கேட்டான் அல்லவா, எங்கள் ஸ்டாப்பர் பெண்ணோடு உத்தி கட்டட்டும். பள்ளி மைதானத்தில் கட்டட வேலை, அதனால் சம்பா அறுத்த வயலில்தான் ஆடுகிறோம், உளுந்து தெளிக்காத துண்டு ஒன்றை ஊர்க்காரர் ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

திருச்சி 12:

வருகிறோம் சார். ஷூ வேணுமா, வெறுங்காலா?

திருவாரூர் பக்கத்து பி.டி.:

ஷூ போட்டுக்கொண்டு வரட்டும், அறுத்த நெல்தாள் குத்தும்.