பெஞ்சில் இருந்தவர் பயிற்சியாளர் ஆனால்: ஸ்டீவ் கெர் பற்றி ஒரு விவாதம்

ஆறாவது ஆள்:

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு 2014-ல் ஸ்டீவ் கெர் பயிற்சியாளராக வந்தபோது, அந்த வேலையில் அவருக்கு ஒரு நாள் அனுபவம்கூடக் கிடையாது. முதல் சீசனிலேயே 67 வெற்றி, கூடவே கோப்பை. அப்புறம் 2017, 2018, 2022 என்று மொத்தம் நான்கு கோப்பைகள். ஆனாலும் அவர் பேரை எடுத்தாலே "அணியின் நட்சத்திரம் கர்ரி இருந்தார், ஜெயித்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

நான் சொல்வது இதுதான்: கெர் நட்சத்திர ஆட்டக்காரராக இல்லாததுதான் அவரை நல்ல பயிற்சியாளர் ஆக்கியது. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1988-ல் இரண்டாம் சுற்றில் 50-வது ஆளாக எடுக்கப்பட்டவர். 15 சீசன், 910 ஆட்டம், ஆட்டத்துக்குச் சராசரி ஆறு புள்ளி. பெரும்பாலான நேரம் பெஞ்ச்தான், அதாவது மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம். இரண்டு நிமிடம் இறக்கிவிட்டால் அந்த இரண்டு நிமிடத்தில் என்ன செய்யவேண்டும் என்று யோசித்தே பிழைத்தவர். அப்படிப் பிழைத்துத்தான் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டில் 45.4 சதவீதம் எடுத்தார். என்.பி.ஏ. வரலாற்றிலேயே முதல் இடம் அது.

நேர்கணக்கு:

ஆறாவது ஆள் அண்ணா, கதை நன்றாக இருக்கிறது. கணக்கையும் பார்க்கலாமே. கெர் வருவதற்கு முந்தைய சீசனில் மார்க் ஜாக்சன் அதே அணியை 51 வெற்றிக்குக் கொண்டுபோயிருந்தார். கர்ரி, கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன், இகுடாலா, போகட் எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள். 2016-ல் 73 வெற்றி எடுத்த அணிக்கு கெவின் டுரான்ட்டும் வந்து சேர்ந்தார். அந்த அணியை வைத்துத்தான் அடுத்த இரண்டு கோப்பை.

டுரான்ட் போய், தாம்சன் முழங்கால் போய், கர்ரி கை உடைந்த 2019-20 சீசனில் என்ன ஆனது? 15 வெற்றி, 50 தோல்வி. பயிற்சியாளர் மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள்.

ஆறாவது ஆள்:

15-50 பற்றிச் சொன்னது சரிதான். அந்த ஆட்களை வைத்து யாரும் ஜெயித்திருக்க முடியாது. ஆனால் 51 எப்படி 67 ஆனது என்பதை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள் தம்பி.

ஜாக்சனின் கடைசி சீசனில் அந்த அணி ஓர் ஆட்டத்துக்குக் கொடுத்த பாஸ் எண்ணிக்கையில் லீக்கிலேயே கடைசி. கர்ரி மாதிரி ஒருவரை வைத்துக்கொண்டு! கெர் வந்து அதை அடியோடு மாற்றினார். பந்தை ஒருவர் கையில் நிற்கவிடாமல், எல்லோரும் தொட்டு, எல்லோரும் ஓடி, கடைசியில் யாருக்கு இடம் கிடைக்கிறதோ அவர் எறிகிற ஆட்டம். சீசன் தொடங்கும் முன்பே போகட்டைப் பார்க்க ஆஸ்திரேலியா வரை போய் வந்தார்.

அப்புறம் இகுடாலா விஷயம். அதுவரை என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டத்தைக்கூட பெஞ்சிலிருந்து தொடங்காதவர், ஆல்-ஸ்டார் ஆடியவர். அவரைக் கூப்பிட்டு "நீ பெஞ்சுக்குப் போ" என்று சொல்ல வேண்டும். ஒரு பெரிய நட்சத்திரம் சொல்லியிருந்தால் அவமானமாக எடுத்திருப்பார். வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் உட்கார்ந்து ஐந்து கோப்பை வாங்கிய மனிதர் சொன்னதால்தான் அதற்கு எடை இருந்தது என்று நினைக்கிறேன். அந்த சீசன் ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் யார்? இகுடாலா.

வலைச்சத்தம்:

இருவரும் ஒரு முக்கியமான பகுதியை விட்டுவிட்டீர்கள். கெர் யார் யாரிடம் ஆடினார் என்று பாருங்கள். கிளீவ்லாந்தில் லென்னி வில்கன்ஸ், சிகாகோவில் ஃபில் ஜாக்சன், சான் அன்டோனியோவில் கிரெக் பாப்பவிச். சிகாகோவின் முக்கோண ஆட்டமுறையிலிருந்து கொஞ்சம், பாப்பவிச்சின் பாஸ் ஆட்டத்திலிருந்து கொஞ்சம் என்று எடுத்துக் கோத்ததுதான் வாரியர்ஸ் ஆட்டம்.

2007 முதல் 2010 வரை ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கு அவர், ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதையும் விடுவதையும் முடிவுசெய்யும் ஜெனரல் மேனேஜராக இருந்ததையும் சேர்க்க வேண்டும். வேகமாக ஓடி ஆடிய அந்த அணிக்கு 2008-ல் பெரிய உடம்புக்காரரான, வேகம் குறைந்த ஷகீல் ஓ'நீலைக் கொண்டுவந்தார். அது பொருந்தவில்லை. அந்தக் கோடையிலேயே பயிற்சியாளர் மைக் டி'அன்டோனி விலகிப் போனார். வாரியர்ஸுக்கு வந்ததும் கெர் யாரைத் துணைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார் தெரியுமா? அதே சன்ஸில் டி'அன்டோனியிடம் துணையாக இருந்த ஆல்வின் ஜென்ட்ரியை. தான் ஒருகாலத்தில் கலைத்துவிட்ட வேகத்தைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

நேர்கணக்கு:

நன்றி வலைச்சத்தம். அப்படியானால் காரணம் ஆசிரியர்கள், பெஞ்ச் இல்லை என்று ஆகிறதே! அண்ணாவின் கொள்கைக்கு இன்னொரு இடியும் இருக்கிறது. லாரி பேர்ட் எப்பேர்ப்பட்ட நட்சத்திரம். அவரும் முன் அனுபவம் இல்லாமல் 1997-ல் இண்டியானாவுக்குப் பயிற்சியாளராக வந்தார். 1998-ல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர், 2000-ல் ஃபைனல்ஸ். பில் ரஸ்ஸல் ஆடிக்கொண்டே பயிற்சியாளராக இருந்து 1968, 1969 இரண்டு கோப்பை வாங்கினார். இவர்கள் எந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்?

இன்னொன்று. 73 வெற்றி எடுத்த அந்த சீசனில், முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கலால் கெர் முதல் 43 ஆட்டங்களில் இல்லவே இல்லை. துணைப் பயிற்சியாளர் லூக் வால்டன் பார்த்துக்கொண்டார். 39 வெற்றி, 4 தோல்வி.

ஆறாவது ஆள்:

பேர்ட், ரஸ்ஸல் இருவரையும் ஒப்புக்கொள்கிறேன். நட்சத்திரங்களால் முடியாது என்று நான் எழுதியது போலத் தொனித்திருந்தால் அது தவறு. ஆனால் மேஜிக் ஜான்சன் 1994-ல் லேக்கர்ஸுக்கு 16 ஆட்டம் மட்டும் பயிற்சியாளராக இருந்து 5-11 என்று விட்டுப்போனதும் நடந்ததுதான்.

வால்டன் 39-4 எடுத்தது கெர் ஊன்றிய ஆட்டத்தில். அதே வால்டன் பிறகு லேக்கர்ஸில் மூன்று சீசன் இருந்தும், கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃபுக்குப் போக முடியவில்லை.

1997 ஃபைனல்ஸ், ஆறாவது ஆட்டம். யூட்டாவும் சிகாகோவும் 86-86. எல்லோருக்கும் தெரியும் பந்து ஜோர்டனுக்கு என்று. டைம்அவுட்டில் ஜோர்டன் கெரிடம் தயாராக இரு என்கிறார், யூட்டாவின் ஸ்டாக்டன் என்னை விட்டு வந்தால் நான் தயார் என்கிறார் கெர். அதேபோல ஸ்டாக்டன் போனார், பந்து வந்தது, ஐந்து விநாடி மிச்சம் இருக்க உள்ளே போனது. அந்த இடத்தில் நின்றவருக்கு, பந்து எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பவனின் மனசு தெரியும். 2015 ஃபைனல்ஸில் 2-1 என்று பின்தங்கியபோது, போகட்டை நிறுத்தி இகுடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்கும் யோசனையைச் சொன்னது நிக் யுரென். துணைப் பயிற்சியாளர்கூட இல்லை, காணொளி பார்த்துத் தரும் உதவியாளர். கெர் கேட்டார், செய்தார், யார் சொன்ன யோசனை என்று வெளியிலும் சொன்னார். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன் பேச்சை மதிக்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

நேர்கணக்கு:

இது எனக்குப் பிடித்த வாதம், மறுக்கவில்லை. ஆனால் ஓரத்தில் இருப்பவனை அவ்வளவு மதிப்பவர் இளம் ஆட்டக்காரர்களை ஏன் அப்படி வாடவிட்டார்? 2020-ல் இரண்டாவதாக எடுத்த ஜேம்ஸ் வைஸ்மன் 2023-ல் வேறு அணிக்குப் போய்விட்டார். குமிங்கா ஒரு வாரம் ஆடினார், அடுத்த வாரம் உட்கார்ந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கும் கெர்தான் பயிற்சியாளர்; அங்கே ஜேசன் டேட்டம் கதை அதைவிடக் கொடுமை. அப்போதுதான் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்துவிட்டு வந்தவர். செர்பியாவுக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. அரையிறுதியில் 17 புள்ளி பின்தங்கிய அணியைக் கர்ரி 36 புள்ளி போட்டுக் காப்பாற்றினார். 95-91. அது போயிருந்தால் இந்த இழையையே நீங்கள் தொடங்கியிருக்க மாட்டீர்கள்.

ஆறாவது ஆள்:

வைஸ்மன் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அவருக்கு முழங்கால் காயமும் இருந்தது என்றாலும், அந்த அணி இரண்டு தலைமுறையை ஒன்றாக வளர்க்கப் பார்த்துத் தோற்றது உண்மை. டேட்டம் பற்றி எனக்கும் அன்று கோபம் வந்தது.

ஆனால் 2022 ஃபைனல்ஸ், பாஸ்டனில் நான்காவது ஆட்டம் நினைவிருக்கிறதா? நான்காம் கால்பகுதியில், தன் அணியின் குரலாகவே இருந்த டிரேமண்ட் கிரீனை உட்காரவைத்தார். கிரீனுக்கு ஆத்திரம். அந்த ஆட்டம் 107-97. தோற்றிருந்தால் தொடர் 3-1. கர்ரியின் 43 புள்ளிதான் ஜெயித்தது என்று சொல்வீர்கள், தெரியும். கிரீனை உட்காரவைக்கும் துணிச்சல் கர்ரியிடமிருந்து வரவில்லையே தம்பி.

மூன்றாம் வரிசை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கல்லூரி அணியில் மூன்று வருடம் பெஞ்சில் இருந்தவன் நான். ஒரு பயிற்சியாளர்கூட, நீ ஏன் ஆடவில்லை என்று என்னிடம் விளக்கியது கிடையாது. அதனால் டேட்டம் விஷயத்தில் நேர்கணக்கு பக்கம்தான் எனக்கும் மனசு போகிறது.

ஆனால் கெர் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது 2003. டல்லஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டம், அவருடைய கடைசி சீசன், வயது 37. அந்த பிளேஆஃபில் அவரை இறக்கியதே அபூர்வம். டோனி பார்க்கருக்கு உடம்பு சரியில்லை, சான் அன்டோனியோ பின்தங்கிக் கிடக்கிறது, பாப்பவிச் திரும்பி பெஞ்சைப் பார்க்கிறார். கெர் இறங்கி நான்கு மூன்று புள்ளி ஷாட் எறிந்தார், நான்கும் உள்ளே. அணி தொடர்ந்து 23 புள்ளி எடுத்தது, எதிரணிக்கு ஒன்றுகூட இல்லை. அத்தனை வாரம் ஆடாமல் உட்கார்ந்திருந்தவர் கை நடுங்காமல் எறிந்ததை இன்றைக்கும் திரும்பப் போட்டுப் பார்ப்பேன்.

நேர்கணக்கு:

அந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. இன்று இரவு பார்க்கிறேன். டேட்டம் விஷயத்தில் மட்டும் அண்ணாவை விடுவதாக இல்லை.