ஜே, கே, பி, ஓ என்றால் தமிழ்

குழு: சங்கரன்கோவில் வீடு

18/10/2025, சனி

சுந்தரம் பெரியப்பா, காலை 7:12
அனைவருக்கும் காலை வணக்கம். லேப்டாப்பில் நாலு நாளாக ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறது. விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டதாம். 11 போடலாமென்றால் இந்த லேப்டாப்புக்குத் தகுதி இல்லை என்கிறது. கடையில் கேட்டால் புதிதாக வாங்கிவிடுங்கள் சார், 45 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். 2016இல் வாங்கியது இது. ஒரு கீ கூடத் தேயவில்லை.

மீனா அத்தை, 7:20
அண்ணா, என் போனிலும் 13 வைரஸ் இருக்கிறது என்று வருகிறது. நேற்று ராத்திரி மட்டும் ஆறு தடவை. தூக்கமே போச்சு.

விக்கி, 7:21
அத்தை, அதைத் தொட்டுவிடாதீர்கள். அக்கா பார்த்துச் சொல்வாள்.

நித்யா, 7:48
பெரியப்பா, லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கும் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள்தான் இனி வராது. 2026 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் அது ஒரு வருடம் தள்ளிப்போடுவதுதான். 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். உங்களுடையது ஆறு. தீபாவளிக்கு வரும்போது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்கிற இயங்குதளம் போட்டுத் தருகிறேன். காசு கிடையாது.

செல்வம் சித்தப்பா, 8:05
ஓசி ஓசி மாதிரிதான் இருக்கும். 22 வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். அதில் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் ஓடுமா, அதை முதலில் சொல்.

நித்யா, 8:06
நம்பி வேலை பார்க்கிற அளவுக்கு ஓடாது சித்தப்பா.

செல்வம் சித்தப்பா, 8:06
அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

நித்யா, 8:09
பெரியப்பாவுக்கு எதற்குப் பேஜ்மேக்கர்? கோயில் கணக்கு, கரண்ட் பில், யூடியூபில் கச்சேரி, பேத்தியோடு வீடியோ. இதுக்கெல்லாம் பிரவுசர் ஒன்று போதும், கணக்குக்கு லிபரே ஆபிஸ் இருக்கிறது.

விக்கி, 8:11
சித்தப்பா, உங்கள் கடையில் கல்யாண வீடியோ ஓட்டிப் பார்க்கிற ஆரஞ்சுக் கூம்பு இருக்கிறதே, விஎல்சி, அதுவும் ஓசிதான். பாரிஸில் காலேஜ் பசங்கள் ஆரம்பித்தது. நீங்கள் இப்போது தட்டிக்கொண்டிருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ்தான்.

செல்வம் சித்தப்பா, 8:12
கூம்புக்கு நான் காசு கொடுக்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது?

விக்கி, 8:12
கொடுத்தீர்களா?

செல்வம் சித்தப்பா, 8:14
இல்லை.

அம்மா, 8:15
யார் பால் வாங்கப் போவது? மணி எட்டேகால்.

விக்கி, 8:20
போகிறேன் போகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிளஸ் டூவில் கவர்மெண்ட் லேப்டாப் கொடுத்தார்களே, அதிலேயே லினக்ஸ் இருந்தது. சென்னையில் மத்திய அரசு நிறுவனம் சி-டாக் செய்த பாஸ் லினக்ஸ். ஆன் செய்ததும் விண்டோஸா பாஸா என்று கேட்கும். எங்கள் வகுப்பில் அதை ஒருமுறை திறந்து பார்த்தவன் கூடக் கிடையாது. படம் வைக்க இடம் வேண்டும் என்று முதல் வாரமே அழித்துவிட்டோம். என்னுடையதையும் சேர்த்து.

20/10/2025, திங்கள்

நித்யா, மாலை 4:30
இப்போது பெரியப்பா வீட்டில் இருக்கிறேன். இன்னும் எதையும் அழிக்கவில்லை, மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. வைஃபை பிடித்துக்கொண்டது, சத்தம் வருகிறது, பிரிண்ட் வருகிறது. ஸ்கேன் மட்டும் வரவில்லை. பெரியப்பா ஓட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போடுவேன். பழைய ஃபைல்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்தாயிற்று.

சுந்தரம் பெரியப்பா, 5:40
சரி என்றேன். ஸ்கேனைப் போனில் பார்த்துக்கொள்கிறேன். கீழே இடது மூலையில் பழைய மாதிரியே மெனு இருக்கிறது. வெடிச் சத்தத்தில் கச்சேரிதான் கேட்கவில்லை.

மீனா அத்தை, 5:52
என் வைரஸ்?

நித்யா, 6:10
அத்தை, அது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு சமையல் தளத்திலோ ஜாதகத் தளத்திலோ 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்டிருக்கும், நீங்கள் 'அனுமதி' அமுக்கியிருப்பீர்கள். அன்றிலிருந்து அவன் இஷ்டத்துக்கு அனுப்புகிறான். குரோம் திறந்து, மேலே மூன்று புள்ளி, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள். அங்கே தெரியாத பெயர்களை எல்லாம் தடுத்துவிடுங்கள்.

மீனா அத்தை, 6:31
ஒன்பது பெயர் இருந்தது! ஒன்று கூட நான் கேள்விப்பட்டதில்லை.

நித்யா, 6:33
அப்புறம் பிளே ஸ்டோரில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, அதற்குள் ஆட்-ஆன் பகுதியில் விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளாக் ஆரிஜின் சேருங்கள். போனில் குரோமில் இப்படி எதுவும் சேர்க்க முடியாது.

21/10/2025, செவ்வாய்

மீனா அத்தை, காலை 9:15
நித்யா கண்ணு, அந்தத் தளத்தில் அதிரசப் பாகு பதம் பார்க்க முன்பெல்லாம் நாலு விளம்பரத்தை மூட வேண்டும், அதற்குள் இங்கே பாகு முறுகிவிடும். இன்றைக்கு நேராகப் பாகுக்கே போய்விட்டது. ஆனால் என் பாங்க் தளம் வேறு பிரவுசரில் திறக்கச் சொல்கிறது.

நித்யா, 9:18
அதற்கு மட்டும் குரோமிலேயே போங்கள் அத்தை. ஊரோடு ஒத்து வாழ்.

சுந்தரம் பெரியப்பா, 10:02
நித்யா, வில்லங்கம். கோயில் வரிக் கணக்கு ஃபைலைத் திறந்தால் தமிழே இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்து. 'தமிழ்ப் புத்தாண்டு வரவு' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அதற்குப் பிறகு என்னவோ. எண்கள் மட்டும் சரியாக இருக்கின்றன.

நித்யா, 10:04
ஐயோ. பஸ்ஸில் இருக்கிறேன் பெரியப்பா. ஃபைல் கெட்டிருக்காது, ஆனால் இந்த மாதிரி நான் பார்த்ததில்லை.

செல்வம் சித்தப்பா, 10:06
ஜே கே பி ஓ அரைப்புள்ளியா? அண்ணே, அது பாமினி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முந்தைய ஃபான்ட். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது பாமினி. போர்வையை விண்டோஸோடு சேர்த்து அவள் துடைத்துவிட்டாள்.

சுந்தரம் பெரியப்பா, 10:15
இரு. இப்போது கீபோர்டைப் பார்த்தேன். ஜே இருக்கும் இடத்தில்தான் டைப்ரைட்டரில் த. கே ம. ஓ ழ. நான் 1978இல் தமிழ் ஹையர் பாஸ் செய்தவன், ய ள ன க என்று அடித்துப் பழகிய விரல். திரையில் இருப்பது என் விரல் அடித்ததுதான்! மெதுவாக வாசிக்கக் கூட முடிகிறது.

விக்கி, 10:16
பெரியப்பா 😳

செல்வம் சித்தப்பா, 10:19
வாசிக்க வேண்டாம் அண்ணே. இதோ பாமினி ஃபான்ட் ஃபைல் அனுப்பிவிட்டேன். டபுள் கிளிக் செய்தால் எழுத்து மாதிரி காட்டும், பக்கத்தில் இன்ஸ்டால் இருக்கும். இருக்கும்தானே நித்யா?

நித்யா, 10:20
இருக்கும் சித்தப்பா. பிறகு லிபரே ஆபிஸை ஒருமுறை மூடித் திறங்கள் பெரியப்பா.

சுந்தரம் பெரியப்பா, 10:34
வந்துவிட்டது. பங்குனி உத்திரம் பாக்கி 340 ரூபாய் முதற்கொண்டு.

நித்யா, 10:41
அடுத்த தடவை வரும்போது எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன். புதிதாக அடிக்க, மின்ட்டில் தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிப்பு முறை என்று தமிழ்க் கீபோர்டு வகை எல்லாமே உண்டு. உங்களுக்கு டைப்ரைட்டர் வைத்துவிடலாம்.

செல்வம் சித்தப்பா, 11:30
நித்யா, அந்தப் பென் டிரைவ் உன்னிடம் இருக்கிறதா?

நித்யா, 11:31
பெரியப்பா மேசையில் இருக்கிறது. ஏன்?

செல்வம் சித்தப்பா, 11:33
கடையில் கவுண்டர் மெஷின் ஒன்று, வருகிறவர்கள் மெயில் திறந்து பிரிண்ட் எடுப்பதற்கு மட்டும். அதிலும் அதே அறிவிப்பு வந்து நிற்கிறது. விக்கியை மத்தியானம் எடுத்துக்கொண்டு வரச் சொல். பேஜ்மேக்கர் மெஷின் பக்கம் மட்டும் அவன் போகக் கூடாது.