லாக் உங்களுக்கு எங்கே பிடிபட்டது? நடந்ததைச் சொல்லுங்க

வடகரைவாசி:
பிளஸ் ஒன் படிக்கிற என் மகளுக்கு லாக், அதாவது மடக்கை, விதியெல்லாம் தலைகீழ் பாடம். பெருக்கல் கூட்டலாகும், வகுத்தல் கழித்தலாகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. ஏன்னு கேட்டா முழிக்கிறா. உங்களுக்கு எதை வச்சுப் புரிஞ்சது? புத்தக விளக்கம் வேண்டாம்.

பழைய பாலிடெக்னிக்:
மதுரை புதுமண்டபத்துல புத்தகக் கடைகள் இருந்த காலத்துல வாங்குன கிளார்க் டேபிள், அதான் லாக் அட்டவணைப் புத்தகம், இன்னும் பீரோவுல கிடக்கு. பத்தை எத்தனை அடுக்குக்கு உயர்த்தினா ஒரு எண் வரும்ங்கிறதுதான் அதுல அந்த எண்ணோட லாக். 2-க்கு 0.3010, 3-க்கு 0.4771. கூட்டினா 0.7781. டேபிள்ல 6-க்கு 0.7782 இருக்கும், கடைசி இலக்கம் ரவுண்டு பண்ணதுல வந்த வித்தியாசம். அதைப் பார்த்த அன்னைக்குத்தான் விதி பொய் இல்லைன்னு நம்பினேன். ஸ்காட்லாந்துக் கணித மேதை நேப்பியர் 1614-ல லாக்கை வெளியிட்டதே பெரிய எண்களைப் பெருக்கிப் பெருக்கி ஆளுங்க ஓஞ்சு போகக் கூடாதுன்னுதான். பத்தை அடிமானமா வச்சு அட்டவணை போட்டவர் பிரிக்ஸ்.

மேலூர் சவுண்டுக்காரன்:
நாங்க ரெண்டு தலைமுறையா ரேடியோ செட் கட்டுறோம். கமிட்டிக்காரங்க வந்து, "ஏண்ணே, போன திருவிழாவுக்கு 500 வாட், இந்தத் தடவை 1000 போடுங்க, சத்தம் ரெட்டிப்பா கேக்கணும்"பாங்க. வாட் ரெட்டிப்பானா டெசிபல், அதாவது லாக் வச்சு சத்தத்தை அளக்குற அலகு, மூணுதான் ஏறும். மேல பாலிடெக்னிக் அண்ணன் சொன்ன அதே 0.3010-ஐப் பத்தால பெருக்கிப் பாருங்க, அதான் கணக்கு. காதுக்கு ரெட்டிப்பா தோணணும்னா ஏறக்குறைய 10 டெசிபல் வேணும், அதாவது 5000 வாட். வாடகையைச் சொன்னதும் கமிட்டி அமைதியாயிரும்.

உசிலம்பட்டி கணக்கு டீச்சர்:
லாக்கோட நிறுத்தாதீங்க, அதுக்குப் பங்காளி ஒண்ணு இருக்கு: லாஜிஸ்டிக் சார்பு, அதாவது வேகமா வளர்ந்து பிறகு ஒரு எல்லைக்குள்ள அடங்குற வளர்ச்சியைச் சொல்ற கணக்கு. நான் வகுப்புல கண்மாயை வச்சுத்தான் சொல்லுவேன். நூறுல ஒரு பங்கு ஆகாயத்தாமரை மூடியிருக்கு, ஒவ்வொரு சுற்றுக்கும் ரெட்டிப்பாகுதுன்னு வைங்க. ஏழாவது சுற்றுல 128 பங்கு வரணும். இருக்கிறதே நூறு பங்குதானே! பிள்ளைங்க அங்கேயே சிரிச்சிரும்.

பெல்ஜியத்துக்காரர் வெர்ஹுல்ஸ்ட் 1838-ல மக்கள்தொகைக்கு எழுதின சமன்பாடு இந்த இடத்துலதான் உதவும். அதுல ரெட்டிப்பாகுறது மூடின பங்கு இல்லை. மூடினதுக்கும் திறந்து கிடக்கிறதுக்கும் உள்ள விகிதம். தொடக்கத்துல 1-க்கு 99. ஏழு சுற்று போனா 128-க்கு 99, அதாவது சுமார் 56 சதவீதம். பத்து சுற்றுல 91. அதுக்கப்புறம் நூறை நெருங்குமே தவிர தொடாது. பாதி மூடுற இடத்துல வேகம் உச்சம், அதுக்குப் பிறகு தணியும். வரைஞ்சு பார்த்தா படுத்த எஸ் மாதிரி வரும்.

இப்ப திருப்பிக் கேளுங்க: 90 சதவீதம் மூட எத்தனை சுற்று? விகிதம் 1-க்கு 99-லேர்ந்து 9-க்கு 1 ஆகணும், அப்படின்னா 891 மடங்கு. எத்தனை தடவை ரெட்டிப்பானா 891 வரும்ங்கிற கேள்விக்குப் பேருதான் லாக். 891-ஓட லாக் 2.9499-ஐ 2-ஓட லாக் 0.3010-ஆல வகுங்க, 9.8 வரும்.

சோழவந்தான் விவசாயி:
கணக்கு சரிங்க டீச்சர். சித்திரையில தண்ணி வத்திக் கண்மாயே பாதியா சுருங்கிருமே, உங்க நூறு பங்கு அப்ப எங்க போகும்?

உசிலம்பட்டி கணக்கு டீச்சர்:
நல்லாக் கேட்டீங்க. அப்ப எல்லையும் காலத்தோட மாறுதுன்னு வச்சு எழுதணும். பிளஸ் ஒன் கணக்குல அது அடங்காது.

வடகரைவாசி:
மகள் உக்காந்து போட்டுக்கிட்டு இருக்கா. 891-ஐ டேபிள்ல எங்க பாக்கணும்னு கேக்குறா.

பழைய பாலிடெக்னிக்:
89-வது வரிசை, 1-க்குக் கீழ. 9499 இருக்கும். நூறுக்கு மேல ஆயிரத்துக்குள்ள இருக்கிற எண்ணுங்கிறதால முன்னால 2 போட்டுக்கச் சொல்லுங்க.