பெராக்கின் கடன் அடிமை முறை ஷரீஅத் சட்டமா?

கேஎல் மாணவி:
வணக்கம். கோலாலம்பூரில் வரலாறு படிக்கிறேன். 1875 நவம்பர் 2 அன்று பெராக் மாநிலத்தின் பாசிர் சாலாக்கில் அங்கிருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் (ஆலோசக அதிகாரி) பர்ச் கொல்லப்பட்டதற்கான காரணங்களில் ஒன்று, பிரபுக்கள் வீட்டிலிருந்து தப்பி வந்த அடிமைப் பெண்களுக்கு அவர் இடம் கொடுத்தது. பெராக்கில் அப்போது ‘ஓராங் பெர்ஹுத்தாங்’, அதாவது கடனுக்காக அடிமைப்பட்டவர்கள், நிறையப் பேர். இது இஸ்லாமியச் சட்டப்படி நடந்ததுதான் என்று வகுப்பில் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். சரியா?

பிட் ஸ்ட்ரீட் பாய்:
தங்கச்சி, சரியில்லை. சின்ன வயதில் ஹஜ்ரத்திடம் ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) கிதாபு, அதாவது சட்ட நூல், ஓதியவன் நான். பிழைப்பு பினாங்கில் நாணய மாற்றுக் கடை. கடன் விஷயம் இரண்டு பக்கமும் தெரியும்.

ஃபிக்ஹில், அதாவது இஸ்லாமியச் சட்டவியலில், மனிதனின் இயல்பு நிலை சுதந்திரம். அடிமை ஆவதற்கு இரண்டே வழி: போரில் பிடிபட்ட முஸ்லிமல்லாதவராக இருக்க வேண்டும், அல்லது அடிமைத் தாய்க்குப் பிறந்திருக்க வேண்டும். கடன் கட்ட முடியாதவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடு என்கிறது குர்ஆன் (2:280). பெராக்கில் நடந்ததோ நேர் எதிர். எத்தனை வருஷம் உழைத்தாலும் அசலில் ஒரு காசு கழியாது. பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். பணத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் வாங்க மறுத்த பிரபுக்கள் உண்டு. அது அடாத், ஊர் வழக்கம். 1883 முடிவோடுதான் அங்கே ஒழிந்தது.

கிதாபில் இருக்கும் ‘முக்காத்தபா’வைப் பாருங்கள். அடிமை தன் விலையைத் தவணையில் கட்டி விடுதலை வாங்கும் ஒப்பந்தம் அது (24:33). ஷாஃபி மத்ஹபில் குறைந்தது இரண்டு தவணை வேண்டும். கையெழுத்தான பிறகு எஜமானால் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது, கடைசியில் கொஞ்சம் தள்ளுபடியும் கொடுத்தாக வேண்டும். ஜகாத் பணத்திலிருந்தும் உதவலாம். ஆனால் ஒரு திர்ஹம் பாக்கி இருந்தாலும் அவன் அடிமைதான். நம் தொழிலில் இதைவிடக் கறாரான தவணையை நான் பார்த்ததில்லை.

ஈப்போ அக்கா:
பாய், கோபித்துக்கொள்ளாதீர்கள். அடாத் மேல் பழியைப் போட்டுவிட்டு ஷரீஅத் கைகழுவ முடியுமா? பெராக்கில் ‘ஹம்பா அப்டி’ என்று முழு அடிமைகளும் இருந்தார்களே. வைப்பாட்டியாக வைத்திருந்த பெண்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

பிட் ஸ்ட்ரீட் பாய்:
கோபம் எதுக்கும்மா, நியாயமான கேள்வி. யாரும் கேட்கவில்லை. எஜமானுக்குச் சொந்தமான பெண்ணின் சம்மதம் பழைய ஃபுகஹாக்களிடம் (சட்ட அறிஞர்களிடம்) நிபந்தனையே இல்லை. எஜமானுக்குப் பிள்ளை பெற்றால் அவள் ‘உம்மு வலத்’, பிள்ளையின் தாய். அப்புறம் அவளை விற்கக் கூடாது, எஜமான் இறந்ததும் விடுதலை, பிள்ளை பிறக்கும்போதே சுதந்திரமானது. அப்பாஸிய கலீபா மஃமூனின் தாயே அடிமைப் பெண்தான். இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு; எனக்கு வாய் வராது. பெற்றெடுத்த பிறகு கிடைத்த பாதுகாப்பு, பெற்றெடுக்க வைத்ததை நியாயப்படுத்தாது. துனிசியாவில் அதன் ஆட்சியாளர் அஹ்மத் பே 1846-இலேயே அடிமை முறையை ஒழித்தார், அதுவும் உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) ஆதரவோடு. சவூதியில் 1962 வரை போனது. இரண்டு இடத்திலும் ஓதியது ஒரே குர்ஆன்தான்.

கேஎல் மாணவி:
நன்றி பாய், நன்றி அக்கா. ஹம்பா அப்டியையும் பெர்ஹுத்தாங்கையும் தனித்தனி அத்தியாயமாக எழுதப் போகிறேன்.

பிட் ஸ்ட்ரீட் பாய்:
எழுதுங்கள். மலாக்கா சுல்தான்களின் பழைய சட்டத் தொகுப்பான உண்டாங்-உண்டாங் மெலாக்காவையும் பாருங்கள். அதில் அடாத்தும் ஷாஃபி சட்டமும் கலந்து கிடக்கும், எது எதுவென்று பிரிக்கவே உங்களுக்கு ஒரு செமஸ்டர் போய்விடும்.