புதுப்பிப்பு: மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு, எக்ஸ்டர்ன்ஷிப் (கிளினிக்கில் நேரடிப் பயிற்சி) முடிந்தது

டெக்சாஸில் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிக்க கம்யூனிட்டி காலேஜா, தனியார் இன்ஸ்டிட்யூட்டா என்று முன்பு கேட்டிருந்தேன். காலேஜில்தான் சேர்ந்தேன். படிப்புக்கு சிஏஏஹெச்இபி அல்லது ஏபிஹெச்இஎஸ் என்ற அமைப்புகளின் அங்கீகாரம் இருந்தால் முடித்த கையோடு சிஎம்ஏ (சான்று பெற்ற மெடிக்கல் அசிஸ்டென்ட்) தேர்வு எழுதலாம். நான் விசாரித்த தனியார் இடத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும் மழுப்பினார்கள்.

எக்ஸ்டர்ன்ஷிப் ஒரு ஃபேமிலி கிளினிக்கில். சம்பளம் கிடையாது, சாப்பாடும் நம் செலவு! ஊசி போடுவதைவிட எந்தக் குழாயில் முதலில் ரத்தம் எடுப்பது என்ற வரிசைதான் மனதில் நிற்க நாளானது: முதலில் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது), பிறகு மூடியின் நிறப்படி வெளிர்நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, கடைசியாகச் சாம்பல். ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் கலந்த இடிடிஏ என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. அதில் ஒரு துளி அடுத்த குழாயில் கலந்தாலும் சோதனை முடிவில் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் இறங்கும். நல்லா இருக்கிற மனுஷனை வீணாக எமர்ஜென்சிக்கு ஓட வைத்துவிடும்.

இன்னொன்று, பாதி வேலை போனும் இன்சூரன்ஸும்தான். வெள்ளைக் கோட்டுக் கனவோடு வருகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சிஎம்ஏ தேர்வு: 200 கேள்வி, 160 நிமிடம். அதில் 180க்குத்தான் மதிப்பெண். எழுதியவர்கள் யாராவது இருந்தால், அதில் வரும் அலுவலக வேலை பற்றிய பகுதிக்கு எதைப் படித்தீர்கள் என்று சொல்லுங்களேன்.